முனியாண்டிக்கு நேர்ந்த ஆடு

புந்தோங், ஈப்போ
செப்டம்பர் 1982

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். சின்னம்மா வீட்டில் நான் நலம், என் புத்தகங்களும் கசங்காமல் நலம். நீங்களும் அப்பாவும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி?

நான் எஸ்.ஆர்.பி. பரீட்சையில் பாஸானால் முனியாண்டி சாமிக்கு ஆடு வெட்டுவதாக வேண்டிக்கொண்டீர்களாம். நம் தோட்டத்தில் லோரி ஓட்டும் சீனி அண்ணன் சந்தையில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"லயமே கறிச்சோத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு. நல்லா படிலா தம்பி."

"ஆட்டுக்கிட்ட கேட்டீங்களாண்ணே?" என்றேன்.

பாஸானால் அதற்குத் தலை போகும், பெயிலானால் எனக்கு. மறுநாள் மாதிரிப் பரீட்சையில் கணக்குத் தாளைப் பார்த்ததும், லயத்து ஆட்கள் எல்லாரும் இலை போட்டு உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றியது. அரை மணி நேரம் கை ஓடவில்லை. பயப்படாதீர்கள், பிறகு ஓடியது.

சாமிக்குச் சுருட்டு மட்டும் போதுமா என்று பூசாரியிடம் கேளுங்கள். என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள், இங்கே தூக்கம் வரமாட்டேன் என்கிறது. அப்பா வந்தால் படிப்பைப் பற்றிக் கேட்க வேண்டாம், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

பெயிலானாலும் வீட்டுக்கு வாடா என்று ஒரு வரி எழுதுங்கள் அம்மா. பிறகு நான் படித்துக்கொள்கிறேன்.

சின்னம்மா கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்,
குணாளன்