எடையில்லாத லிஃப்ட்

மார்ச் 4

விற்க வந்தவர்கள் காலை முழுக்கப் பேசினார்கள். லிஃப்டுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் கூட்டத்துக்கு நிரல் எழுதுவது, சோதிப்பது, ஒப்புதல் தருவது, வெளியிடுவது எல்லாம் இனி ஒரே டூலில் நடக்குமாம். மேனேஜர் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை.

"நீதான் எதையும் குறை சொல்வியே. இதுல மறைஞ்சிருக்கிற செலவெல்லாம் எழுதிக் குடு" என்றார் என்னிடம்.

கொடுக்கிறேன். பூசி மெழுக எனக்குத் தெரியாது.

மார்ச் 7

கொடுத்தாயிற்று. விலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, அதைக் கணக்குப் பிரிவு பார்த்துக்கொள்ளும். பின்கூடத்தில் நிஜ மோட்டாரில் மணல் மூட்டை ஏற்றிச் சோதிக்கிறோமே, அதை இந்த டூலோடு இணைக்க வழியில்லை. கணினிக்குள் ஓடும் அதன் போலி லிஃப்டுக்கு எடையே கிடையாது. எடையில்லாத லிஃப்டில் எவன் ஏறுகிறான்? இதைக் கட்டி மேய்க்க முழுநேரம் ஓர் ஆள் வேறு வேண்டும். பிடிக்காவிட்டால் எப்படி வெளியே வருவது என்று கேட்டதற்கு விற்பவர் சிரித்தார். அதையும் எழுதினேன்.

மேனேஜர் படித்துவிட்டு, "தாலி கட்டறதுக்கு முன்னாடியே விவாகரத்துக்கு வழி கேக்குறியேடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 12

வாங்கிவிட்டார்கள்.

மார்ச் 20

அந்த முழுநேர ஆள் யார்? நான்தான். "ஓட்டையெல்லாம் கண்டுபிடிச்சவன் நீ. நீயே அட்மினா இரு." தலையில் கட்டிவிட்டார்.

பிரேக் நிரல்? இத்தனை வருடம் என் கையில் இருந்தது. அது இனி பக்கத்து இருக்கை புல்லட்டுக்கு. எதையும் சட்டுபுட்டென்று முடிப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

மாலையில் பழக்கதோஷத்தில் பிரேக் நிரலைத் திறந்து ஒரு வரியைத் திருத்தப் போனேன். விடவில்லை. சாவி வைத்திருக்கும் அட்மின் நிரலைத் தொடக் கூடாது என்பது டூலின் விதி. கருத்து எழுதக்கூட இடமில்லை. பார்க்கலாம். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஏப்ரல் 9

டூல் நிரலைப் படித்து, அதற்குத் தப்பென்று பட்ட இடத்திலெல்லாம் சிவப்புப் புள்ளி வைக்கிறது. யாருக்கு எத்தனை என்று சுவரில் பெரிய திரை. பள்ளிக்கூடம் தோற்றது. புல்லட் சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லை.

பின்கூடத்துக்குப் போனேன். மணல் மூட்டைகள் மேல் உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள். அங்கே செலவிடும் நேரம் எந்தத் திரையிலும் ஏறாதே, யார் வருவார்கள்?

ஏப்ரல் 22

புல்லட் பிரேக் நிரலில் என் வரி ஒன்றை அழித்துவிட்டான்.

லிஃப்ட் மாடியில் நின்றதும், பிரேக் பிடித்துவிட்டதா என்று உறுதியான பிறகே மோட்டார் தன் பிடியை விட வேண்டும். அதுவரை காத்திரு என்று நான் எழுதிய வரி. 'தேவையற்ற தாமதம்' என்று டூல் சிவப்பு வைத்தது. அழித்தான். பச்சை. போலி லிஃப்டில் சோதனை – பச்சை. எடையே இல்லாத பெட்டி எங்கே வழுக்கும்?

"ஏண்டா எடுத்தே?"

"சிவப்பு காட்டிச்சு, எடுத்தேன்."

"ஆள் ஏறினா வழுக்கும்டா. பின்னாடி போய் மூட்டை ஏத்திப் பாரு."

"நாள் முழுக்க மூட்டை தூக்கினேன்னு திரையில யார் போடுவா? மச்சான், நீ இப்ப வாட்ச்மேன். வாசல் கேட்ட மட்டும் பாரு."

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. பொய். இருக்கிறது.

ஏப்ரல் 23

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். திரையைக் காட்டினார். "நாலு பேர் ஒப்புதல் குடுத்திருக்காங்க. ஒரு சிவப்புகூட இல்ல. நீ ஒருத்தன்தான் சொல்றே."

நாலு பேரும் எவ்வளவு நேரம் திறந்து பார்த்தார்கள் என்பது அட்மினுக்குத் தெரியும். எடுத்துக் காட்டினேன். ஒருவர்கூட ஒரு நிமிடம் தாண்டவில்லை.

"ஆளுங்கள வேவு பாக்கவா உன்ன வெச்சேன்?"

அட்மின் வேண்டாம், பழைய வேலையைக் கொடுங்கள் என்றேன். அட்மினை நீக்க இன்னோர் அட்மின் வேண்டுமாம். இன்னோர் அட்மின் இல்லை.

ஏப்ரல் 24

அண்ணன் குடியிருக்கும் கட்டடத்தில் எங்கள் லிஃப்ட்தான். ஏழாவது மாடி. அண்ணிக்கு இது எட்டாவது மாதம். லிஃப்டில் ஏற வேண்டாம் என்று போனில் அண்ணனிடம் சொன்னேன்.

"உன் கம்பெனி லிஃப்ட நீயே நம்பலன்னா நாங்க எப்படிடா நம்புறது?" என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 25

வெளியிடும் நாள். அட்மினால் முடிந்தது ஒன்றுதான்: எல்லோரையும் டூலிலிருந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது. சாத்தினேன்.

கத்தினார்கள். மேனேஜர் மேசையில் அறைந்தார். விற்றவர்களுக்கு ஒரு போன். அவர்களிடம் எனக்கும் மேலே ஒரு சாவி இருந்திருக்கிறது. சாப்பாட்டு வேளைக்குள் எல்லாம் திறந்து, புது மென்பொருளும் கட்டடங்களுக்குப் போய்விட்டது.

இந்தச் செலவை நான் அறிக்கையில் எழுதவில்லை. தோன்றவே இல்லை.

என் லாகின் வேலை செய்யவில்லை. வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

மே 3

அண்ணன் கட்டடத்துச் செயலாளரிடம் போய் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "வேலைய விட்டு எடுத்துட்டாங்களாமே, தம்பி? மனச விட்டுடாதீங்க" என்று தண்ணீர் கொடுத்தார்.

மே 11, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். கீழே லிஃப்ட் வாசலில் அண்ணி. யாரோ புதிதாகக் குடிவருகிறார்கள் போல, பெட்டிக்குள் இரும்பு பீரோ, கூடவே சுமப்பவர்கள் மூன்று பேர்.

"படியில போலாம், அண்ணி."

"இந்த வயித்தோடயா? நீங்க வேணும்னா ஓடுங்க, கொழுந்தனாரே. யார் முதல்ல வர்றான்னு பாப்போம்." ஏறிவிட்டார்.

ஓடினேன். லிஃப்ட் இடையில் எங்கெங்கோ நின்று வந்ததால் ஏழாவது மாடிக்கு நான்தான் முதலில். கதவு திறந்தது. பெட்டி சரியாகத் தரைமட்டத்தில் நின்றது. அண்ணி காலெடுத்து வைக்கும் முன் இரண்டு விரற்கடை கீழே வழுக்கி, 'டக்'கென்று பிடித்துக்கொண்டது.

அண்ணி கொஞ்சம் உயரத் தூக்கிக் கால் வைத்து வெளியே வந்தார். "தோத்துட்டேன்" என்று சிரித்தார். கவனிக்கவேயில்லை.

பீரோ எட்டாவது மாடிக்குப் போக வேண்டும். மூடப் போன கதவுக்கு நடுவில் கையை வைத்தேன்.

"கைய எடுங்க சார், ரொம்ப கனமா இருக்கு" என்றார் சுமப்பவர்.

தெரியும் என்றேன். எடுக்கவில்லை.