இரண்டாவது சாவி

மார்ச் 3

இன்று மார்ச் மூன்றாம் தேதி. எனக்கு அறுபத்தெட்டு வயதும் ஐந்து மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன. வாழ்க்கையில் முதன்முறையாக வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். முப்பது வருடம் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் நடத்தியவள். சொந்தமாக ஓர் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டதில்லை. நீச்சலைப் பற்றிப் புத்தகம் எழுதியவள் கடைசியில் குளத்தைத் தேடிப் போவது போலத்தான்.

துணைக்கு அண்ணன் மகள். பல வீடு மாறியவள். முதல் வீட்டில் குளியலறைச் சுவரில் புது வண்ணம். "புதுசா பெயின்ட் வாசனை அடிச்சாலே சந்தேகப்படணும் அத்தை," என்று விரலால் சுரண்டினாள். உள்ளே பூசணம். அடுத்த வீட்டில் தண்ணீர் வருமா என்று கேட்டேன். "அருவி மாதிரி கொட்டும்," என்றார் தரகர். குழாயைத் திறந்தோம். இருமியது. மூன்றாவது வீடு பரவாயில்லை.

முழங்கால் வலி.

மார்ச் 6

மூன்றாவது வீட்டை மாலையில் மறுபடி பார்த்தோம். பகலில் பிடித்த வீட்டை விளக்கேற்றும் நேரத்திலும் பார்த்தாக வேண்டும் என்பது அண்ணன் மகளின் சட்டம். மாடியில் ஓர் அறை, சிறிய சமையலறை, அமைதி. கீழே வீட்டுக்காரரும் மனைவியும். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்.

"எத்தனை பேர் மேடம்?"

"நான் ஒருத்திதான்."

மனைவி தலையைச் சாய்த்தாள். "சார் போனப்புறம் தனியாவே சமாளிக்கிறீங்களா டீச்சர்? பாவம்."

நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். இரக்கத்தோடு சேர்ந்து வரும் வீட்டை வேண்டாமென்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

மார்ச் 7

முன்னறையில் தொலைக்காட்சி அலறுகிறது. நான்கு வரி படிக்க முடியவில்லை.

மார்ச் 10

ஒப்பந்த வரைவு வந்தது. சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தேன். காலி செய்வதானால் நான் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டுமாம். காலி செய்யச் சொல்வதானால் அவருக்கு ஒரு மாதம் போதுமாம். என் மாணவன் இப்படி எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன். பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்று ஒரு சொல் இல்லை. நேரே போய்க் கேட்டோம்.

"அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம். உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க."

"நெனச்சுக்கறோம் சார். அப்படியே எழுதியும் குடுத்துடுங்க," என்றாள் அண்ணன் மகள். சுவரில் இருந்த விரிசல்களையெல்லாம் படம் எடுத்து அவருக்கே அனுப்பினாள். மனிதர் முகம் சுருங்கியது; ஆனாலும் எழுதினார்.

ஒன்றுக்கு மட்டும் மசியவில்லை. மாடிக் கதவின் இரண்டாவது சாவி அவரிடம் இருக்குமாம், தேவைப்பட்டால் திறப்பாராம்.

"உள்ள விழுந்து கிடந்தா யாரு பாக்கறது மேடம்?"

"விழுந்தால் நானே எழுந்துகொள்வேன்."

"முன்ன குடியிருந்த பொண்ணோட அண்ணன் திடீர்னு வந்து நின்னாரு. அது வேலைக்குப் போயிருந்துச்சு. நான்தான் திறந்து விட்டு, காபி குடுத்து உக்கார வச்சேன். சொந்தக்காரங்களை வாசல்ல நிக்க வைக்க முடியுமா?" பெருமையாகத்தான் சொன்னார்.

அந்தப் பெண் ஏன் காலி செய்தாள் என்று கேட்டேன்.

"அதான் தெரியல. அடுத்த மாசமே போயிடுச்சு."

எனக்குத் தெரிந்தது.

மார்ச் 11

"சாவி ஏன் அவர்கிட்ட இருக்கக் கூடாதுன்னு காரணத்தைச் சொல்லிடேன் அத்தை," என்கிறாள் அண்ணன் மகள். சொன்னால் வீடு கைவிட்டுப் போகலாம். சொல்லாவிட்டால் வீடு கிடைத்தும் என்ன பயன்? இன்னொரு தரகர், இன்னொரு மாடிப்படி, இன்னோர் இருமும் குழாய் — முடியாது. என்னால முடியல, அவ்வளவுதான்.

மார்ச் 12

என் அறைக் கதவுக்கு ஒரு காலத்தில் தாழ்ப்பாள் இருந்தது. இப்போது திருகாணித் துளைகள் மட்டும் இருக்கின்றன.

மார்ச் 14

போய்ச் சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை, வகுப்பெடுத்த பழக்கம். வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். "எங்களுக்கு எதுக்கு மேடம் வம்பு? யோசிச்சு சொல்றோம்." மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோசிக்கட்டும். களைப்பாக இருக்கிறது.

மார்ச் 17

தொலைபேசியில் அந்த அம்மாள். "டீச்சர், சாவி விஷயத்தைக் கோடு போட்டு அடிச்சாச்சு. வந்து கையெழுத்து போடுங்க. இவரு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு, கண்டுக்காதீங்க. சாப்பாட்டு நேரத்துல சரியாயிடுவாரு."

போட்டேன். பக்கத்துக்குப் பக்கம், படித்த பிறகே போட்டேன். இரண்டு சாவிகளையும் அவளே என் உள்ளங்கையில் வைத்தாள். "பாவம்" என்று சொல்லவில்லை. நல்லது.

மார்ச் 20

குடிவந்தேன். இரண்டு பெட்டி, புத்தகங்கள், ஒரு நாற்காலி. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. எழுதி வாங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 2

காலையில் கீழே பேச்சுக்குரல். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் தெரியும். வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிப் பதில் சொல்வது படிக்கட்டு வழியே வந்தது. "சாவி எங்ககிட்ட இல்லீங்க... அவங்க திறந்தாத்தான் உண்டு." பின்னாலேயே அவர் மனைவி: "காபி எல்லாம் ஒண்ணும் வேணாம், நீங்க உள்ள வாங்க." அது தன் புருஷனுக்கு.

படியேறும் செருப்பொலி. கைப்பிடி ஒரு முறை அசைந்தது. பூட்டியிருந்தது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

பிறகு, செத்துப் போய்விட்டதாக இந்த வீட்டில் முதலில் எண்ணப்பட்ட என் கணவர், திருமணமாகி நாற்பத்தோராவது வருடத்தில், முதன்முறையாக என் கதவைத் தட்டினார்.