இரண்டு அங்குலம் கூட்டி வாங்கிய மிதவைச் சட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன ஊரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், இங்கே நானும் உன் மகளும் சௌக்கியம், உன் அப்பாவும் சௌக்கியம்தான், ஆனால் கூடத்தில் அவர் நாற்காலி இருந்த இடத்தில் இப்போது படகு இருப்பதால் சௌக்கியம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் படகு என்று வாயைத் திறந்தாலே ஆறு ஆபத்து, அவளுக்கு வேண்டவே வேண்டாம் என்று பொரிந்துவிட்டு, உடனே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், சிக்னல் இல்லை என்று சொல்வதற்கு மட்டும் எப்படித்தான் சிக்னல் கிடைக்கிறதோ. கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் மேசைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே மடித்து வைத்திருக்கிற தாளை இப்போது எடுக்காதே, இதை முழுக்கப் படித்துவிட்டு எடு. அது உன் மகளின் பந்தயப் படிவம். அடுத்த மாதம் ஆற்றில், பாறைகளுக்கு நடுவே தனியாளாகத் துடுப்புப் போடுகிற படகுப் பந்தயம், பதினெட்டு முடியாத பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடவேண்டும், இருபதாம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் அவள் பெயரை அடித்துவிடுவார்கள். நானே போட்டுவிடுகிறேன் என்று பேனாவைத் திறந்தேன். அவளுக்குப் படகு ஓட்டச் சொல்லித்தருகிற பயிற்சியாளர், கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் பிள்ளைகள் விசில் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள், உங்க கையெழுத்து அழகாத்தான் இருக்கும், ஆனா இந்த இடத்துல செல்லாதும்மா என்று பேனாவை மூடிக் கையில் கொடுத்துவிட்டார்.

உனக்கு முதலில் படகு வாங்கின கதையைச் சொல்கிறேன், ஏதோ கிழவி ஒரு டப்பாவை வாங்கிப் பிள்ளையை அதில் ஏற்றிவிட்டாள் என்று நீ நினைக்கக்கூடாது. பழைய படகு விற்கிற கடைக்கு மூன்று பேரும் போனோம். இரண்டு படகு இருந்தது. ஒன்று சிவப்பு, நீளம், பளபளப்பு. இன்னொன்று மஞ்சள், குட்டை, அடியெல்லாம் கீறல். உன் மகள் சிவப்பைப் பார்த்ததும் கண்ணை எடுக்கவில்லை. உன் அப்பா ஒருபடி மேலே போய் அதற்குள் படுத்தே பார்த்துவிட்டு, ஒரு தலைகாணி மட்டும் இருந்தாப் போதும், இதையே வாங்கிடலாம் என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், படகைப் பற்றிப் பாடம் படிக்கவில்லை, ஆனால் நாற்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவள், எந்தத் துணியையும் திருப்பி உள்பக்கம் பார்க்காமல் வாங்கினதில்லை. இரண்டையும் கவிழ்க்கச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவரிடமே டார்ச் வாங்கி உன் மகளை உள்ளே பிடிக்கச் சொல்லி, வெளியே இருந்து நான் அடியைத் தடவிக்கொண்டே வந்தேன். சிவப்புப் படகின் நடுவில் ஓர் இடத்தில் வெளிச்சம் நைந்துபோன வேட்டியில் தெரிகிற மாதிரி தெரிந்தது. கட்டைவிரலால் அமுக்கினேன், உள்ளே போய் டொக்கென்று திரும்பி வந்தது. இது என்னங்க, படகா, தகரச் சொம்பா என்று கேட்டேன். கடைக்காரர், பாட்டி, நீங்க இதுக்கு முன்னாடி எத்தனை படகு வாங்கியிருக்கீங்க என்றார். இதுதான் முதல் என்றேன், அவர் நம்பவில்லை. மஞ்சளின் கீறலெல்லாம் மேலோடு நின்றிருந்தது. அதன் அடியும் தொட்டில் மாதிரி இரண்டு முனையும் மேலே வளைந்தது, அப்படி இருந்தால்தான் பாறைகளுக்கு நடுவில் சொன்ன பக்கம் சட்டென்று திரும்புமாம், நேர் அடி வேகமாகப் போகும், திரும்பச் சொன்னால் யோசிக்குமாம். ஏறுகிறவளின் எடைக்குத் தகுந்த படகாகவும் இருக்கவேண்டும், பெரிதாக எடுத்தால் அவள் படகை ஓட்டமாட்டாள், படகு அவளை ஓட்டும் என்று விசில் சார் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். மஞ்சளே வந்தது. உன் மகள் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள், மறுநாள் அதில் ஏறி இறங்கியபிறகு சிவப்பின் பேச்சே இல்லை.

படகில் இவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டியவள் சட்டையில் கோட்டைவிட்டேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். துடுப்பு சரியாக வாங்கினோம், ஹெல்மெட் நெற்றியை மூடுகிறதா, தலையை ஆட்டினால் கூடவே ஆடுகிறதா என்று பார்த்து வாங்கினோம். மிதவைச் சட்டை எடுக்கும்போது மட்டும் என் கை பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது. வளர்கிற பிள்ளை, இரண்டு அங்குலம் கூட்டி வைத்தால் இன்னும் மூன்று வருடம் வரும் என்று பெரிய அளவை எடுத்தேன். வீட்டுக்கு வந்த கையோடு அந்தச் சட்டைப் பையின் மூடிமேல் அவள் பெயரைச் சங்கிலித் தையலில் பூப்போட்டுத் தைத்தும் முடித்தேன். மறுநாள் விசில் சார் அவளை நிற்கவைத்து வாரையெல்லாம் இறுக்கிவிட்டு, சட்டையின் தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். சட்டை வந்தது, உன் மகள் வரவில்லை. உள்ளே இருந்து, பாட்டி எங்க இருக்க, எனக்கு ஒண்ணும் தெரியல என்று சத்தம் மட்டும் வந்தது. தண்ணியிலயும் இதுதாம்மா நடக்கும், சட்டை மிதக்கும், பிள்ளை மிதக்காது என்றார் அவர். அன்றைக்கே ஓடிப்போய் அவள் உடம்போடு ஒட்டுகிற அளவில் வேறு வாங்கினோம். பழையதைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டேன் என்றார், பூவேலையெல்லாம் பண்ணியிருக்கீங்களே பாட்டி, இதை நீங்களே வச்சுக்கங்க என்று கைகூப்பிவிட்டார். போட்டுப் பார்த்தேன், எனக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது.

படகைக் கூடத்தில் வைத்ததற்கும் காரணம் உண்டு. வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் வெளுத்து உடைய ஆரம்பிக்கும், தரையில் படுக்கப்போட்டால் அடி நெளிந்துவிடும். உன் அப்பா முணுமுணுத்துக்கொண்டே இரண்டு மரக்கட்டை அறுத்து, மேலே பழைய கம்பளியைச் சுற்றி, அதன்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார். ஆற்றிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு மணல் போக அலசவேண்டும், மண்டிபோட்டு உட்காருகிற மெத்தைக்கு அடியில் ஒரு கல் தங்கினாலும் அரித்துவிடும், அதை நான் துடைப்பக் குச்சியால் எடுப்பேன். இதையெல்லாம் சரியாகச் செய்தவள்தான் காற்றுப் பையில் ஊசியை வைத்தேன். படகின் இரண்டு முனையிலும் காற்று அடைத்த பை ஒன்றைக் கயிற்றுப் பின்னலுக்குள் வைப்பார்கள், தண்ணீர் புகுந்தாலும் படகு மூழ்காமல் இருக்க. அதில் கடுகளவு ஓட்டை. யாரிடமும் கேட்காமல் மெழுகு நூல் கோர்த்து நெருக்கித் தைத்தேன், அப்படி ஒரு தையலை என் கல்யாணப் புடவைக்குக்கூடப் போட்டதில்லை. உன் மகள் ஊதினாள், பன்னீர்ச் சொம்பு மாதிரி எல்லாப் பக்கமும் காற்று. ஒரு ஓட்டையை அடைக்க இருபத்திரண்டு ஓட்டை போட்டிருக்கியே பாட்டி என்று தரையில் உருண்டு சிரித்தாள். பசை போட்டு ஒட்டவேண்டுமாம், எனக்கு யார் சொன்னார்கள்.

இப்போது சொல்லப்போவதைத் தண்ணீர் குடித்துவிட்டுப் படி. படிவத்தில் உன் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு இருக்கிறது, பிள்ளை படகு ஓட்டுவதை நேரில் பார்த்த வீட்டுப் பெரியவர் என்று. அதில் என் கையெழுத்து செல்லும் என்றார் விசில் சார். கரையில் நின்று எட்டிப்பார்த்ததை வைத்துக்கொண்டு உன்னிடம் உத்தரவாதம் சொல்ல எனக்கு மனசு ஒப்பவில்லை. விசில் சாரிடம் இரண்டு பேர் போகிற பெரிய படகு இருக்கிறது, என் பூப்போட்ட சட்டையையும் ஒரு ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு முன்னால் நான் உட்கார்ந்தேன், பின்னால் அவள். சின்னப் பிள்ளைகள் பழகுகிற இடம்தான், பயப்படாதே. பாறை வந்தா பாறைப் பக்கமாவே சாயணும் பாட்டி, கட்டிப்பிடிக்கப் போற மாதிரி என்று மூன்று தடவை சொன்னாள். சரி சரி என்றேன். பாறை வந்தது. பாறையை எந்த மனுஷி போய்க் கட்டிப்பிடிப்பாள், நான் இந்தப் பக்கம் சாய்ந்தேன். படகு கவிழ்ந்தது. தப்பு முழுக்க என்னுடையது. தண்ணீருக்குள் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ போனில் சொன்னதெல்லாம் சரி என்று பட்டது. சட்டை என்னைத் தூக்கி மேலே விட்டதும் நீ சொன்னதில் பாதி சரி என்று பட்டது. அவள் அதற்குள் நாலு வீச்சில் கரை ஏறி, இடுப்பில் கட்டியிருந்த, எறிகிற கயிறு சுருட்டி வைத்த பையை எடுத்துவிட்டாள். பாட்டி, கால மேல தூக்கு, கால் விரல் எனக்குத் தெரியணும், எழுந்து நிக்காத, கால் கல்லிடுக்குல மாட்டிக்கும் என்று ஒரு சத்தம், வீட்டில் அப்படி ஒரு குரலில் அவள் பேசினதே இல்லை. கயிறு சரியாக என் மார்பின்மேல் வந்து விழுந்தது. ஆற்றின் கீழ்ப்பக்கம் இன்னொரு கயிறோடு காத்திருந்த விசில் சார் தன் கயிற்றைச் சுருட்டித் திரும்பப் பையில் வைத்துவிட்டார். உன் அப்பா செருப்போடு முழங்கால் தண்ணீருக்குள் வந்து நின்று, என் கண்ணாடி அவ சட்டைப் பையில இருக்குடா என்று கத்திக்கொண்டிருந்தார், கண்ணாடிக்காகத்தான் இறங்கினாராம், இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்.

கரை சேர்ந்ததும் அவள் முதலில் என்னைத் திட்டினாள், அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள், அப்புறம் எழுந்து போய்த் துடுப்பை எண்ணினாள். பயந்தால் நீயும் அப்படித்தான், திட்டு, அழுகை, பிறகு வேலை. உன் பயம் தப்பு என்று நான் சொல்லவில்லை, அது அவளிடமும் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டேதான் கயிற்றைச் சரியாக எறிந்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவிடாதே. உங்கள் இருவருக்கும் என்னுடைய, உன் அப்பாவுடைய ஆசீர்வாதம், நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருங்கள். இருபதாம் தேதியை மறந்துவிடாதே, தபாலுக்கே ஆறேழு நாள் ஆகும். இப்போது தாளை எடு. கீழ்க் கோட்டில் மை ஊறிப் பரவியிருக்கும், மழையில் நனைந்துவிட்டதோ என்று நினைக்காதே, அது என் கையெழுத்து. ஆற்றங்கரையிலேயே கை காய்வதற்குள் போட்டேன், காய்ந்தால் மனசு மாறிவிடுமோ என்று பயமாக இருந்தது. மேலே இருக்கிற கோடு உன்னுடையது.

இப்படிக்கு,
இனிமேல் பாறையைக் கண்டால் கட்டிப்பிடிக்கப்போகிற
உன் அம்மா