ஜாங்கிரியின் வலது பக்கம்

கரோல் பாக்,
ஜனவரிக் கடைசி, வியாழக்கிழமை

அன்புள்ள சுபிக்ஷாவுக்கு,

மூடுபனியையும் அப்பாவின் இருமலையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் அந்தப் பனிக்கட்டி ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு, வழுக்காத பூட்ஸ் போட்டு நடந்து சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். பின் வீட்டு ப்ரசன்னா சனிக்கிழமை ஹாலிஃபாக்ஸ் கிளம்புகிறான், உனக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று அவனே வந்து கேட்டான். பருப்புப்பொடியோடு இந்தக் கடிதத்தையும் அவன் பெட்டியில் வைத்துவிடலாம் என்று தோன்றியது. நீட்டி எழுதினால் அவள் எங்கே தமிழ் படிக்கப் போகிறாள் என்று அப்பா சிரிக்கிறார். புசா ரோடு பள்ளியில் எட்டாவது வரை உட்கார்ந்து எழுந்த பெண், இதுகூடப் படிக்காமலா என்று சொல்லியிருக்கிறேன். தடுக்கும் இடத்தில் வாய்விட்டுப் படி, காதுக்குப் புரிந்துவிடும். இன்று காலை "ஜாங்கிரி இருக்கிறாள்" என்று ஒரு வரி அனுப்பினேன், நீ விழித்ததும் பார்த்திருப்பாய். அதன் முன்னும் பின்னும் போனில் சொன்னால் நீ நடுவில் நூறு கேள்வி கேட்பாய், எனக்கு வரிசை தவறிப்போகும். அதனால்தான் இது.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கீஸர் மறுபடி கெட்டுப்போய், இரண்டு நாள் வெந்நீர் அடுப்பில்தான். அப்பா ரிப்பேர்க்காரரிடம் "பையா, ஜல்தி வாங்க, குளிருக்கு நான் குல்ஃபி ஆயிடுவேன்" என்று ஏதோ சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே அன்றைக்கு வராமலே இருந்துவிட்டார். சென்ற வாரம் உன் அம்மாவின் திதி வந்தது. காமாக்ஷி அத்தை காலையிலேயே வந்து கூடமாட நின்றார். நான் இந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷம் ஆகப்போகிறது, உன் அம்மா கைப்பக்குவத்தில் அந்த மிளகு ரசம் மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. "கிட்ட வந்துட்ட ப்ரீதா, இன்னும் ஒரு பத்து வருஷம்" என்றார் அத்தை. அத்தைக்கு ஒரு போன் செய், உன்னைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரமேதான் ஜாங்கிரி செய்தியும் வந்தது. கேட்டதும் நீ போனில் அழுதாய், நான் பாதிதான் சொன்னேன். குர்காவ்ன் போகும் சாலையில் பனிமூட்டத்தில் ஏதோ வண்டி மோதி ஒரு பெண் சிறுத்தை செத்துக் கிடந்தது. இடது பக்கம் முழுக்கச் சிதைந்திருந்தது, வலது பக்கம் மட்டும்தான் படமெடுக்கத் தேறியது. விதிப்படி பரிசோதனை முடித்து அன்றே எரித்துவிட்டார்கள். சிறுத்தையின் விலாவில் இருக்கும் வளையங்கள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது, ஒரே சிறுத்தைக்கும் இடதும் வலதும் வேறு வேறு. வந்த படத்தை, காட்டுக் கேமராக்களில் விழுகிற சிறுத்தைகளுக்கு எங்கள் குழு வைத்திருக்கும் பதிவோடு ஒட்டிப் பார்த்தோம். ஜாங்கிரியின் வலது பக்கம் என்று நாங்கள் வைத்திருந்த படத்தோடு அச்சாகப் பொருந்தியது. போன டிசம்பரில் நீ வந்திருந்தபோது என் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்து, இடது தோளுக்குப் பின்னால் பிழிந்து விட்ட ஜாங்கிரி மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் பெயர் வைத்தாயே, அவள்தான். அவளுக்கு அசோலா சரணாலயத்துக்குப் பக்கத்துப் பழைய கல் குவாரியில் இரண்டு குட்டிகள். பால் மறந்தவை, ஆனால் தானாக வேட்டையாடத் தெரியாதவை. செய்தி வந்த இரண்டாம் நாள் அவை தனியாகத் திரிவதை ஆடு மேய்ப்பவர்கள் பார்த்துவிட்டார்கள். வன அதிகாரி ராஜசேகரன் கூண்டு வைக்க ஏற்பாடு செய்தார். கூண்டில் பிடித்தால் காப்பகம்தான், திரும்பக் காட்டுக்கு வர வழியே கிடையாது. அவரையும் குறை சொல்ல முடியாது. "மேடம், கூண்டு வைக்க எனக்கு மட்டும் ஆசையா? நாளைக்குக் குட்டி பட்டினில செத்துக் கெடந்தா யாரு பதில் சொல்றது?" என்றார். வேறு தாய்ச்சிறுத்தை ஏதாவது எடுத்து வளர்க்காதா என்று நீ கேட்டாய். அவற்றில் அந்த வழக்கம் இல்லை என்றேன்.  போனை வைத்த பிறகு, அவளுடைய இரண்டு பக்கப் படத்தையும் அனுப்பு, முழுசாக அனுப்பு, வெட்டினதை அனுப்பாதே என்று எழுதி அனுப்பினாய்.

இந்த "முழுசாக"தான் விஷயம். நாங்கள் தினமும் பார்ப்பது முழுப்படம் இல்லை. கம்ப்யூட்டர் மரம், புதர், தரை எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு விலாவை மட்டும் தபால்தலை மாதிரி எடுத்துக் கொடுக்கும், அதை வைத்துத்தான் ஒட்டிப் பார்ப்போம். உனக்கு அனுப்புவதற்காக மறுநாள் மதியம் பழைய கார்டிலிருந்து மூலப்படங்களைத் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். டிசம்பர் தொடக்கத்தில் எடுத்தவை. ஒற்றையடிப் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு கேமரா, எதிர்ப் பக்கம் ஒரு கேமரா. சிறுத்தை நடுவே போனால் ஒன்று இடது பக்கத்தை எடுக்கும், மற்றது வலது பக்கத்தை எடுக்கும். ஒரே தேதி, ஒரே அந்தி நேரம் என்று இருந்தால் ஒரே சிறுத்தை என்று இரண்டையும் சேர்த்து வைப்போம். ஜாங்கிரியின் இடது பக்கம் இருந்த படத்தில் தரை புழுதியாக இருந்தது, அவள் கால் வைத்த இடத்தில் தூசிகூடக் கிளம்பியிருந்தது. வலது பக்கப் படத்தில் தரை நனைந்து பளபளத்தது. கல்லின் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. அதே பாதை, அதே கல். டீ ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைத்தி சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் குழுத் தலைவர், உனக்குத் தெரியுமே, நம் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் கேமராக் கடிகாரத்தைப் பற்றியே பேசி அப்பாவைத் தூங்க வைத்தவர். முதலில் கிண்டல்தான் செய்தார். "டெல்லியாச்சே, பாதைக்கு இந்தண்டை மழை, அந்தண்டை வெயில்னு பேஞ்சிருக்கும்" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. அந்த வலது பக்கக் கேமராவுக்கு பேட்டரி மாற்றித் தேதி வைத்தது அவரேதான். காட்டில் போனை நம்பக் கூடாது என்பது அவர் கட்சி, அவருடைய மாமனார் போட்ட பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் வைப்பார். அதில் தேதிக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. சாவி கொடுக்கும் அந்தக் கடிகாரத்துக்கு நவம்பரில் முப்பது நாள்தான் என்று தெரியாது. டிசம்பர் பிறந்த அன்று அது முப்பத்தொன்று என்று காட்டியிருக்கும். மறுநாள் இவர் காட்டுக்குப் போனபோது ஒன்று என்று காட்டியது, இவரும் ஒன்று என்று வைத்துவிட்டார். கேமரா ஒரு நாள் பின்தங்கிவிட்டது. அடுத்த மாதம் பேட்டரி மாற்றியபோது நான் போனைப் பார்த்துத் தேதி வைத்ததில் அது சரியாகிவிட்டது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஆக, ஜாங்கிரி ஒரு மாலை போயிருக்கிறாள். மறுநாள் மழை பெய்து, அதே அந்தி நேரத்தில் வேறு ஒருத்தி போயிருக்கிறாள். இரண்டு தடவையும் எதிர்க் கேமரா தூங்கிவிட்டது, அது அடிக்கடி நடப்பதுதான். நாங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் தைத்து ஒருத்தி ஆக்கிவிட்டோம். மற்ற இடங்களில் கேமரா திருட்டுப் போய் ஒன்று ஒன்றுதான் மிச்சம், அதனால் ஜாங்கிரியின் வலது பக்கத்துக்கு அந்த ஒரு மாலையைத் தவிர வேறு சாட்சி இல்லை. வைத்தி சார் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இனிமே முப்பது நாள் மாசம் முடிஞ்சா என்னை யாரும் தேதி கேக்காதீங்கோ" என்றார். சிரித்தோம், ஆனால் அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

செத்தது ஜாங்கிரி என்று சொல்ல முடியாது என்பதுதான் இதற்கு அர்த்தம். அவள் இருக்கிறாள் என்று அர்த்தம் இல்லை. ராஜசேகரனும் இதையேதான் சொன்னார். வைத்தி சார் ஒன்றையும் மறைக்கவில்லை, தப்பு எங்களுடையது, எங்கள் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று நேரிலேயே போய்ச் சொன்னார். ராஜசேகரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரிங்க சார், கூண்டுக் கதவ ரெண்டு நாளைக்குக் கட்டி வைக்கிறேன். அதுக்குள்ள அம்மாவக் காட்டுங்க. இல்லாட்டி நான் குட்டியத் தூக்கிடுவேன், அப்புறம் எங்கிட்ட வருத்தப்படக் கூடாது" என்றார். குவாரிக்கு வரும் வழிகளில் கையிலிருந்த கேமரா எல்லாவற்றையும் கட்டினோம், ராஜசேகரன் தன் போன் தேதியைக் காட்டி ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். அந்த இரண்டு நாளும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. படிக்க எடுத்த புத்தகம் மடியில் ஒரே பக்கத்தில் கிடந்தது. தாய் உயிரோடு இருக்கும்போது குட்டிகளைத் தூக்கிக் கொடுத்திருப்போம், அவள் இரையோடு திரும்பி வந்து வெறும் குவாரியில் நின்றிருப்பாள் என்பது ஒரு பக்கம். அவள் நிஜமாகவே இல்லாமல் இருந்து, எங்கள் பேச்சைக் கேட்டு இரண்டு நாளைக் கடத்தியதில் குட்டிகள் துவண்டுபோனால் என்ன செய்வது என்பது இன்னொரு பக்கம். அப்பா, "அச்சா, உன் புலி வந்துதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். புலி இல்லை, சிறுத்தை என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பத்து வருஷமாக இதே பேச்சு.

இன்று காலை கார்டுகளை எடுத்து வந்தோம். முதல் கார்டில் முள்ளம்பன்றி. இரண்டாவதில் நீல்காய் மான், அப்புறம் நாங்களே, குனிந்து கேமரா கட்டுகிற வைத்தி சாரின் பின்பக்கம் வரிசையாக. மூன்றாவதை ஜீப்பின் பானட்டில் லேப்டாப்பை வைத்துப் போட்டோம். வெற்றுப்பாதை, வெற்றுப்பாதை, அப்புறம் ஒரு காது. அடுத்ததில் அவள். இடது பக்கம் முழுசாக, தோளுக்குப் பின்னால் நீ பெயர் வைத்த அந்தச் சுழி, வாயில் ஏதோ தொங்குகிறது, முயலாக இருக்கும். பின்னாலேயே ஒரு குட்டி. இன்னொரு குட்டி அவள் வாலைக் கடித்துக்கொண்டு. வனக்காவலர் சத்வீர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "லோ ஜி, அம்மா வீட்டுக்கு வந்துட்டா" என்று ஹிந்தியில் கத்தினார். ராஜசேகரன் போனை எடுத்துக் கூண்டுகளை வண்டியில் ஏற்றச் சொன்னார், பிறகு எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார். வைத்தி சார் கொஞ்சம் தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நான் ஜீப் படியில் உட்கார்ந்துதான் உனக்கு அந்த ஒரு வரியை அனுப்பினேன். அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரதி போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பொடி டப்பாவின் எண்ணெய் படாமல் தனி உறையில் இருக்கிறது.

நிம்மதி என்று எழுதினால் அதில் ஒரு மூலை காலியாகத்தான் இருக்கிறது. சாலையில் கிடந்தவள் யார் என்று இப்போது யாருக்கும் தெரியாது. அவள் எங்களிடம் வந்தது ஒரே ஒரு தடவை, மழை பெய்த மாலையில், வலது பக்கமாக. அதையும் இன்னொருத்தி பெயரில் எழுதி வைத்திருந்தோம். அந்த ஈரத்தரைப் படத்துக்கு இன்று தனி எண் கொடுத்தேன், கீழே இறந்த தேதியையும் போட்டேன். ஜாங்கிரியின் வலது பக்கத்துக்கு நேரே இப்போது ஒன்றுமில்லை. இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

நீ நன்றாக இரு, கண்ணு. உன் கைபட்ட காரியமெல்லாம் கூடிவரட்டும், உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டை பிஸ்கட்டில் முடிக்காதே. பொடி டப்பாவை ஈர ஸ்பூன் போடாமல் வைத்துக்கொள், ப்ரசன்னாவை ஒரு நாள் கூப்பிட்டுச் சாப்பாடு போடு, அத்தைக்குப் போன் செய்ய மறக்காதே. அப்பா தனியாகக் கீழே கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போய்விட்டார், அவருடைய ஆசீர்வாதத்தையும் நானே எழுதிவிடுகிறேன்.

இன்னும் ஒன்று. அன்று போனில், சிறுத்தைகளில் மற்றவள் குட்டியை எடுத்து வளர்க்கும் வழக்கம் இல்லை என்று சொன்னதும் நீ மெதுவாக, "பாவம் சித்தி, சிறுத்தைங்க" என்றாய். நான் குக்கர் கூப்பிடுகிறது என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை, சுபி.

உன் சித்தி,
ப்ரீதா