இடது பக்கத்து அடி

2004 ஜூன் 7, திங்கள்

காலையிலேயே அனல். கரண்ட் இல்லை. பாப்பாவுக்கு ரப்பர், பென்சில் வாங்க வேண்டும்.

மாலை கராத்தே. சேர்ந்து நாலு மாதம். இன்னும் கை போனால் கால் நிற்கிறது, கால் போனால் கை நிற்கிறது. இந்த வயதில் என்னை இழுத்துப்போய்ச் சேர்த்தது நாத்தனார் ஜோதி. அவள் பிரவுன் பெல்ட்.

இன்று ஃபைட்டில் அவளை அடித்துவிட்டேன்! பக்கவாட்டில் ஒரு குத்து, அவள் இடது கன்னத்தில். மாஸ்டரே கை தட்டினார். "அண்ணி தேறிட்டாங்களே!"

ஜோ. சிரிக்கவில்லை.

ஜூன் 9, புதன்

மறுபடி இரண்டு அடி. இரண்டும் இடது பக்கம். தடுக்கக் கைகூடத் தூக்கவில்லை அவள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

வீட்டில் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டாள். சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள். மாமியார்: "கல்யாணப் பொண்ணுக்குக் கவனம் எங்க இருக்கு?" ஞாயிறு அரியலூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். லட்டுக்குச் சொல்லியாயிற்று.

ஜூன் 11, வெள்ளி

பாப்பாவை வண்டியில் ஸ்கூலுக்கு விடுவது ஜோ.தான். இன்று பாப்பா வந்து சொன்னது: "அத்தை குறுக்க வந்த ஆட்டைப் பாக்கவே இல்லம்மா. நான் கத்துனேன்."

மாலை வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். அவள் இடது காதுவரை மெதுவாகக் கை நீட்டினேன். அசையவில்லை.

மாடியில் துணி எடுக்கும்போது கேட்டேன்.

"ஜோதி, அந்தக் கண்ணு தெரியலையா?"

"மொதல்ல பூச்சி பறக்குற மாதிரி இருந்துச்சு அண்ணி. இப்ப ஓரத்துல கருப்பா ஒரு திரை. சரியாப் போயிடும்."

"எவ்ளோ நாளா?"

"பத்து நாள் இருக்கும். அம்மாகிட்ட சொல்லாதீங்க. ஞாயித்துக்கெழம அவங்க வந்து பாத்துட்டுப் போயிடட்டும்."

திரை தினமும் கொஞ்சம் உள்ளே வருகிறதாம். துணி மடிப்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

ஜூன் 12, சனி. திருச்சி

விடிந்ததும் மாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

"நாளைக்கி அவங்க வராங்க. திங்கக்கெழம போலாமே."

"அதுக்குள்ள கண்ணு போயிட்டா?"

ஜோ. காதில் விழுந்துவிட்டது. "உங்கள நம்புனேன் அண்ணி." கையைப் பிடித்து இழுத்துத்தான் பஸ் ஏற்றினேன். வழி முழுக்க என் பக்கம் திரும்பவே இல்லை.

கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து, இருட்டறை, மறுபடி சொட்டு மருந்து. விழித்திரை கிழிந்து விலகிவிட்டதாம். நடுப்பார்வையையும் தொட்டுவிட்டதாம். உடனே ஆபரேஷன்.

டாக்டர்: "எங்கயாவது அடிபட்டுச்சாம்மா?"

ஜோ. என்னைப் பார்த்தாள். "தெனமும்தான் சார்."

எந்த அடி? யார் அடித்தது? போன திங்களுக்கு முன்னால் என் கை அவள் முகத்தில் பட்டதே இல்லை. பட்டதில்லையா?

ஜூன் 13, ஞாயிறு

ஆபரேஷன் முடிந்தது. கண்ணில் கட்டு. இட்லி ஒன்றரை சாப்பிட்டாள்.

பூத்திலிருந்து ஊருக்குப் போன் செய்தேன். மாமியார் அரியலூருக்குச் சொல்லிவிட்டாராம். "கண்ணுன்னா யோசிக்கணுங்களே" என்றார்களாம். லட்டைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டாராம்.

ஜோ.விடம் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை அவள்.

ஜூன் 19, சனி

காலை டிஸ்சார்ஜ். கட்டை எடுத்துவிட்டார்கள். இனி கராத்தே கூடவே கூடாது. பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். மருந்து இரண்டு. தலைக்குக் குளிக்கக் கூடாது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சமயபுரம் தாண்டியதும் நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வெளியே பார்த்தாள். வெகுநேரம்.

"இப்ப போனது லாரிதானே அண்ணி?"

வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி.

"லாரிதான்" என்றேன்.