சுவரில் மாட்டிய கணவன்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் கல்லூரிக் குறும்படத்தின் திரைக்கதை செவ்வாயன்று கிடைத்தது. நாயகி வலுவாக அமைந்திருக்கிறாளா என்று கேட்டிருந்தாய். இருமுறை படித்தேன்.

சென்ற மாதம் காரணம் சொல்லாமல் என் புகைப்படம் ஒன்றைக் கேட்டாய். தலைக்குச் சாயம் பூசி, சட்டையைத் தேய்த்து அணிந்து, ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பினேன். அது, உன் அம்மாவைப் போலவே பள்ளி வேன் ஓட்டும் உன் நாயகியின் வீட்டுச் சுவரில் இறந்துபோன கணவனாகத் தொங்கவிருப்பதை முதல் பக்கத்தில் கண்டேன். உன் அம்மாவிடம் காட்டினேன். "செத்தவரா நடிக்க வசனம் மனப்பாடம் பண்ண வேண்டாம் பாருங்க, சௌகரியம்தானே" என்றாள்.

மூன்று மாதங்களாக நீங்கள் இருவரும் மாலைதோறும் தொலைபேசியில் சிரித்ததன் விளைவு இது. நான் அறைக்குள் நுழைந்தால், "அப்பா வந்துட்டார், அப்புறம் பேசறேன்டி" என்று வைத்துவிடுவாள். என்னிடம் நீ பேசுவது மாத்திரை போட்டேனா என்று கேட்க மட்டும். அது ஒன்றரை நிமிடம்.

இனி பாத்திரத்தைப் பற்றி. உன் நாயகி மைதானத்தில் தன்னந்தனியாக வண்டி ஓட்டக் கற்கிறாள். ஒரு தவறும் செய்வதில்லை. உன் அம்மா கற்றபோது வாசல் தூணை இருமுறை இடித்தாள். நாற்பது காலைகள் அவளருகே கைப்பிரேக்கைப் பிடித்தபடி அமர்ந்திருந்தவன் நான். அந்த இருக்கையை நீ காலியாக விட்டிருக்கிறாய்.

நீ அறியாத ஒன்றும் உண்டு. உன் அம்மா வண்டி ஓட்டுவதை வேலையாக்கிக்கொள்வாள் என்று நான் எண்ணவில்லை. வேலையில் சேரும் நாளன்று வேன் சாவியை என் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அவள் தேடவில்லை. குளித்து, உடுத்தி, என் எதிரே வந்து கையை நீட்டினாள். "பதினாறு பிள்ளைங்க தெருமுனையில நிக்குதுங்க. நேரமாச்சு" என்றாள். கொடுத்தேன்.

நீ தேடும் வலுவான காட்சி அதுதான். உன் திரைக்கதையில் அதற்கு இடமில்லை. சாவியைக் கொடுக்க வேண்டியவனை நீ முதல் பக்கத்திலேயே கொன்றுவிட்டாய். சுவரில் தொங்கும் படத்தை எதிர்த்து நிற்க யாருக்கும் துணிவு தேவையில்லை.

இதை ஏன் மகளிடம் சொல்லவில்லை என்று உன் அம்மாவைக் கேட்டேன். "சொன்னா உங்களை வில்லனாக்கிடுவா. அதான் சாகடிச்சிடுன்னு நானே சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, வேனைக் கழுவப் போய்விட்டாள். அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே, அந்தப் புகைப்படத்தைத் திருப்பி அனுப்பிவிடு. அந்தக் கணவனை வில்லனாகவே எழுது. எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த வேடத்துக்கு ஆள் அமையாவிட்டால் தெரிவி. எனக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு இருக்கிறது. தலைச் சாயமும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

படம் நன்றாக அமையட்டும். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும்
அப்பா