ஸ்கெல்பிக்கு ஏழாவது ஆள்

ஸ்கெல்பி
26 ஏப்ரல் 1987, ஞாயிறு

அன்புள்ள நெவிலுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா நன்றாக இருக்கிறாள், முழங்கால் வலி மட்டும் குளிர் போன பிறகும் போகவில்லை, நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், காலையில் இருமல் கொஞ்சம் படுத்தும், நாற்பது வருடம் கரித்தூள் தின்ற நெஞ்சு வேறு எப்படி இருக்கும். நீயும் லொரெய்னும் குழந்தை ஜெம்மாவும் சுகம் என்பது எனக்குத் தெரியும். நீ அம்மாவுக்கு எழுதும் கடிதங்களை அவள் சமையலறை அலமாரியின் கீழ் இழுப்பறையில் வைக்கிறாள், ஞாயிறு காலை அவள் தேவாலயத்துக்குப் போனதும் எடுத்துப் படித்துவிட்டு அதே மடிப்பில் திரும்ப வைத்துவிடுவேன், அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் இழுப்பறையைத் திறந்தால் கடிதங்களுக்குப் பக்கத்தில் என் மூக்குக்கண்ணாடியை எடுத்து வைத்திருக்கிறாள். உன் அம்மா அப்படித்தான்.

ஊரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூடிய சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்தை அக்டோபரில் சாய்த்துவிட்டார்கள், எல்லோரும் போய்ப் பார்த்தார்கள், நான் போகவில்லை, வீட்டு ஜன்னல் அதிர்ந்தது மட்டும் தெரிந்தது. வேலை போனவர்களில் பாதிப் பேர் தெற்கே போய்விட்டார்கள், எங்கள் தெருவில் ஆறு வீடு பூட்டிக் கிடக்கிறது, ரொட்டிக் கடை மட்டும் இன்னும் நடக்கிறது. நம் கிளப்பின் கதையைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, இது நான்காவது. ஆள் இல்லாமல் கிளப் எப்படி நடக்கும் சொல், மார்ச்சில் இரண்டு சனிக்கிழமை பதினோரு பேர் வேண்டாம், ஏழு பேரைக்கூடச் சேர்க்க முடியவில்லை, ஏழுக்குக் குறைந்தால் நடுவர் ஆட்டத்தையே தொடங்க மாட்டார். இன்னொரு முறை இப்படி ஆனால் ஸ்கெல்பி பெயரை எடுத்துவிடுவோம் என்று லீக்கிலிருந்து செயலாளரான எனக்குக் கடிதம் வந்தது. ஏப்ரல் பதினொன்றாம் தேதி உள்ளூரில் ஆட்டம், வியாழக்கிழமை கமிட்டி அறையில் எண்ணிப் பார்த்தால் ஆறு பேர்தான் தேறினார்கள், கோல்கீப்பர் பையன் தோள்பட்டையை உடைத்துக்கொண்டு கிடக்கிறான். நம் தலைவர் வில்ஃப் மேசையைத் தட்டி, "ஏழாவது ஆளு இந்த ஊர்ல இல்லப்பா, எழுபத்தாறு வருஷம் ஓடினது போதும், இழுத்துப் பூட்டிட்டுப் போவோம்" என்றான். இருக்கிறான் என்றேன். யாரைச் சொல்கிறேன் என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது, முகம் சிவந்து, "ஹொரேஸ், அந்தப் பேரை இந்த ரூமுக்குள்ள எடுக்காத, உன்னை மரியாதையா கேக்கறேன்" என்றான்.

வில்ஃபைக் கெட்டவன் என்று நினைக்காதே, அவனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஐம்பத்து நான்கில் தேசியக் கோப்பையின் முதல் சுற்றுவரை போனோமே, பெரிய லீக் அணி நம் மைதானத்துக்கே வந்து ஆடியது, நாலாயிரம் பேர், இடம் போதாமல் கரிக்கழிவு மேட்டின் மேலெல்லாம் நின்று பார்த்தார்கள், ஐந்துக்கு ஒன்று என்று தோற்றோம், அந்த ஒன்றைப் போட்டவன் வில்ஃப், அவனுக்குப் பந்தை அனுப்பியவன் பின்வரிசையில் வலப்பக்கம் ஆடிய நான். உனக்கு இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், நீயும் சலிக்காமல் கேட்டிருக்கிறாய். ஆனால் ஒரு விஷயத்தை உனக்குச் சொன்னதே இல்லை. இந்த மைதானத்தைச் சமன் செய்தது இருபத்தாறாம் வருடத்து வேலைநிறுத்தத்தில், ஏழு மாதம் சம்பளம் இல்லை, சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று உன் தாத்தா காலத்து ஆட்கள் சரிவாகக் கிடந்த நிலத்தை மண்வெட்டியால் கொத்தித் தட்டையாக்கினார்கள், இதுவரை உனக்குத் தெரியும். அவர்களோடு கொத்தியவன் ஆமோஸ் விட்லோ என்று ஒருவன், ஆறாவது மாதத்தில் அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான், வீட்டில் நாலு குழந்தை. கருங்காலி என்று கிளப்பிலிருந்து நீக்கினார்கள். நாலு வருடம் கழித்து நடுவரிசைக்கு ஆள் கிடைக்காமல் அவனையே திரும்பக் கூப்பிட்டார்கள், வந்தான், ஒன்பது வருடம் ஆடினான். சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை ஊரே ஆமோஸ், ஆமோஸ் என்று கத்தும். விசில் ஊதியதும் நிறுத்திவிடும். தெருவில் எதிரே வந்தால் ஒருவரும் பேச மாட்டார்கள், சாகும்வரை பேசவில்லை. என் அப்பா இதை என்னிடம் பெருமையாகச் சொன்னார், நானும் பெருமையாகத்தான் கேட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் நம் பழைய கோல்கீப்பர் டெரெக் வீட்டுக்குப் போனேன். உன்னோடு ஒரே வகுப்பு, நம் சமையலறையிலேயே பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்தவன், எண்பத்தைந்தில் வேலைநிறுத்தம் முடிவதற்குள் நீ திரும்பிய அதே திங்கட்கிழமை அவனும் வேலைக்குத் திரும்பினான். அவன் வீட்டுச் சுவரில் எழுதியிருந்த வார்த்தையின் மேல் இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்திருக்கிறான், வெயில் சாய்வாக விழும்போது இன்னும் படிக்க முடிகிறது. கதவைத் திறந்தவன் உள்ளே வா என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை, விஷயத்தைச் சொன்னேன், முழுவதும் கேட்டான். பிறகு என் கையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு எங்க நாலு பேரையும் கிளப்ல இருந்து நீக்கி எழுதினது இந்தக் கைதானே மாமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "நெவில் பேரை எழுதறப்போ பேனா நிக்கலையா?" என்றான். நிற்கவில்லை என்றேன், அதுதான் உண்மை நெவில், கமிட்டியில் யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, உடம்பு சரியில்லை என்று அன்று நான் வராமல் இருந்திருக்கலாம், எழுந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நாலு பெயரில் மூன்றாவது உன்னுடையது. இருநூற்றுப் பதினோரு ஆட்டம் ஆடியவன் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி அடிக்கோடு போட்டேன். டெரெக்கின் மனைவி ஷீலா உள்ளேயிருந்து, "அவரைப் போகச் சொல்லு, இப்பதான் நாம நிம்மதியா இருக்கோம்" என்றாள். அவன் கதவை அவள் பக்கமாகக் கொஞ்சம் சாத்தினான். பிறகு சொன்னான், "வர்றேன். ஆனா நீங்க நாளைக்கு ரெண்டரை மணிக்கு இங்க வரணும். கடைத்தெரு வழியா என்கூட நடந்து மைதானத்துக்கு வரணும். முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. பக்கத்துல."

சொன்ன நேரத்துக்குப் போனேன், விசேஷத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு. கடைத்தெருவில் நுழைந்ததும் ரொட்டிக் கடை வாசலில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சுரங்கத் தொழிலாளர் நல மன்றத்துப் படியில் உட்கார்ந்திருந்த கிழவர் எர்னி எழுந்து முதுகைக் காட்டி நின்றார், என்னோடு முப்பது வருடம் ஒரே கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். யாரோ, "என்ன ஹொரேஸ், வீட்டுக்கு ஒண்ணு போதாதா?" என்று கத்தினார்கள், யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. டெரெக் பூட்ஸை மார்போடு பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நடந்தான், நான் முந்தாமல் பிந்தாமல் அவன் பக்கத்திலேயே நடந்தேன். நம் தெரு முனை வந்தபோது பார்த்தால் அம்மா கோட்டும் தொப்பியுமாக நிற்கிறாள், அவளிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, நொண்டிக்கொண்டே வந்து டெரெக்கின் மறுபக்கக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா நடங்கப்பா, எனக்கு முட்டி வலிக்குது" என்றாள், அவ்வளவுதான். மீதித் தெருவை அவள் வேகத்துக்குத்தான் நடந்தோம், அது மிக நீளமான தெரு.

ஆட்டத்துக்கு முப்பது பேர்கூட இல்லை. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் டெரெக்கோடு கை குலுக்கவில்லை, ஆனால் வெளியேறவும் இல்லை, ஏழு பேராக இறங்கினார்கள், எதிரில் பதினொன்று. இடைவேளைக்குள் மூன்று கோல் விழுந்தது, பதினைந்து விழுந்திருக்க வேண்டும், கோலில் நின்ற டெரெக் சேற்றில் விழுந்து விழுந்து தடுத்தான். தடுக்கத் தடுக்க மைதானம் அமைதியாக இருந்தது, அப்படி ஒரு அமைதியை நான் எந்த ஆட்டத்திலும் கேட்டதில்லை, பந்து கையில் படும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது பாதியில் அவர்களுக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது, டெரெக் இடப்பக்கம் பாய்ந்து விரல் நுனியால் தட்டிவிட்டான், பந்து திரும்பவும் அவர்கள் காலுக்கே போனது, எழுந்து மறுபடி பாய்ந்தான். உனக்குத்தான் தெரியுமே, செயலாளர் கத்தக் கூடாது என்று நான் இருபது வருடமாக வாயை மூடிக்கொண்டே நிற்பவன், அன்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். "நெவில்! அப்படித்தான் நெவில்!" என்று கத்தினேன். எனக்கே காதில் விழுந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. எல்லோரும் கேட்டார்கள், வில்ஃப் கேட்டான், அம்மா கேட்டாள், அவள் என் பக்கம் திரும்பவில்லை, கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். டெரெக் முகமெல்லாம் சேறாக வந்து, "பேரை மாத்திக் கூப்பிட்டீங்க மாமா" என்றான். மன்னிச்சுக்கப்பா என்றேன். "எதுக்கு, அவன் கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றான்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. லீக்கில் கடைசி இடம், ஆனாலும் பெயர் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை, அந்த நாலு பெயரில் மீதி இரண்டான லம்லி அண்ணன் தம்பி இரண்டு பேரும் யாரும் கூப்பிடாமலே பூட்ஸோடு வந்து நின்றார்கள், கை குலுக்காத இரண்டு பேர் வரவில்லை, கணக்குச் சரியாகப் போயிற்று. கமிட்டியில் எழுந்து நாலு பெயரையும் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன், இரண்டு வருடம் தாமதமாகக் கேட்டேன், தோற்றுப்போனேன். ஆனால் ஆட்டக்காரனை லீக்கில் பதிவு செய்ய செயலாளர் கையெழுத்து போதும், கமிட்டி தேவையில்லை, அதனால் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறேன், என்னை நீக்க ஆண்டுக் கூட்டம்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும். வில்ஃப் தலைவர் பதவியை விட்டுவிட்டான், என்னோடு பேசுவதில்லை. நல மன்றத்துக்குப் போனால் என் பக்கத்து நாற்காலிகள் காலியாகின்றன, பீரை ஊற்றித் தள்ளிவிட்டு அடுத்த பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். எனக்கு இது இரண்டு வாரம். உனக்கு ஏழு மாதம் இருந்தது, வீட்டில் மூச்சுத் திணறும் கைக்குழந்தை, கரி வெட்டுகிறவன் வீட்டு அடுப்பில் கரி இல்லை, என்ன செய்வது அப்பா என்று கேட்க வந்தாய், வேலைக்குப் போனால் இந்தப் படி ஏறாதே என்றேன். வேலைக்குத் திரும்பியது சரி என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது நெவில், பொய் எழுத மாட்டேன். ஆனால் உன் பெயரை எழுதியது தவறு, படி ஏறாதே என்றது தவறு, குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்காதது எல்லாவற்றிலும் பெரிய தவறு.

இன்னொன்று. நீங்கள் கிளம்பிய செவ்வாய்க்கிழமை அம்மா மட்டும் பஸ்ஸில் உங்களோடு ஸ்டேஷனுக்கு வந்தாள், அப்பாவுக்கு மைதானத்தில் வேலை என்று சொல்லியிருப்பாள். வேலை ஒன்றும் இல்லை, அந்த வாரம் ஆட்டம் வெளியூரில். இருந்தும் காலை ஏழு மணிக்கே போய் வெள்ளைக் கோடு போட ஆரம்பித்தேன், வேலி ஓரத்துக் கோட்டை மட்டும் நாலைந்து தடவை போட்டேன், பஸ் அந்தப் பக்கமாகத்தான் போகும். வந்தது. மேல் தட்டில் முன் ஜன்னலில் லொரெய்ன் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், நீ மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கையைத் தூக்கினேன். அதற்குள் பஸ் திரும்பிவிட்டது, நீ பார்த்தாயா இல்லையா என்று தெரியவில்லை. ஒன்றரை வருடமாக அதைத்தான் கேட்க வேண்டும் என்றிருக்கிறேன், அம்மாவுக்கு எழுதும் கடிதங்களில் தேடிப் பார்த்தேன், அதில் இல்லை. பார்த்தாயா?

கடலுக்கு அப்பால் பூமியின் தென்பாதியில் உங்களுக்கு இப்போது குளிர் தொடங்கும் என்கிறார்கள், ஜெம்மாவின் நெஞ்சைக் கவனமாகப் பார்த்துக்கொள், இரவில் அவள் அறை ஜன்னலைச் சாத்து. தங்கச் சுரங்கமானாலும் சுரங்கம் சுரங்கம்தான், மேலே பார்க்காமல் கால் வைக்காதே. லொரெய்னுக்கு என் அன்பைச் சொல், அவள் வாங்கிக்கொள்ளாவிட்டால் விட்டுவிடு. கடவுள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நீங்கள் இருக்கும் பக்கமே அவர் கண் இருக்கட்டும் என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்கிறேன். பதிலை என் பெயருக்கே போடு, திட்டி எழுதினாலும் சரி. ஒரு வரி போதும்.

உன் அப்பா,
ஹொரேஸ் டான்ஸ்லி